எதை விட்டுவிட்டு வந்தாய்?

“பார்ட் டைமா ஒருத்தி புள்ள பெக்க முடியுமா? அப்பறம் இன்னா பார்ட் டைமா பி.எச்டி?”

ஆய்வு நெறியாளராக இருக்கச் சம்மதம் கேட்டு நான் போய் நின்ற முதல் நாளில் மேடம் கேட்டது இது. துறை அறையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மேடம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத் துறைத் தலைவர். நான் வெள்ளிமலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிற ஆசிரியை. கல்வராயன் மலைப் பெண்கள் சாமையும் தினையும் விளைவிக்க ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள், அந்த உழைப்புக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது என் ஆய்வு. அந்த வட்டாரத்தில் இந்தப் பொருளில் வழிகாட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. சிரிப்பு அடங்கியதும் என் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“ஒரு எடம் காலியா கெடக்குது. எப்டியும் பாதியில ஓடிடுவ. அதுவரிக்கும் இரு.”

அவர் நல்ல உயரம். கஞ்சி போட்ட பருத்திச் சேலையைத் தவிர வேறு எதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. படிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வார். ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் கழற்றிவிடுவார். நாம் பேச ஆரம்பித்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் நமக்கு எதிராக வைப்பார். நம் பேச்சு எவ்வளவு நேரத்தை வீணாக்குகிறது என்று நாமே பார்த்துக்கொள்வதற்காக. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “ஏ பார்ட் டைம், இங்க வா” என்றுதான் கூப்பிடுவார். எனக்கு நாற்காலி காட்ட மாட்டார். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து, அவர் மேசை முன்னால் மறுபடியும் நின்றுகொண்டிருப்பேன்.

அவரிடம் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “இதுக்காக நீ இன்னாத்த வுட்டுட்டு வந்த?” பதில் அவருக்குப் பிடிக்கும்படி இருந்தால் அந்த ஆளின் அத்தியாயங்கள் படிக்கப்படும். இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும். ஒரு பெண் நிச்சயம் ஆன கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அவளை எல்லோருக்கும் காட்டினார்: “இவளப் பாருங்க. மூணு வருசம் கழிச்சி வா, இருந்தா கட்டிக்கிறன்னு மாப்ள கையில சொல்லிட்டு வந்துட்டா.” ஒரு பையன் அப்பா இறந்த மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு புள்ளிவிவரத் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். “இது ஆராய்ச்சி” என்றார் மேடம். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்குப் பெருமையா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நீ சொல்லு பார்ட் டைம். நீ இன்னாத்த வுட்ட?”

“தூக்கத்த விட்டேன் மேடம்.”

“தூக்கத்த வாட்ச்மேனுங்கூடதான் வுடறான்.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டைச் சுற்றிக் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆலை ஓடும் மாதங்களில் வயல் ஓரத்தில் கரும்புச் சோகையால் குடிசை போட்டு அங்கேதான் இருப்போம். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரைவர்கள் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்கிற வேலையை எங்கள் ஆட்களில் யாரும் பார்த்ததில்லை. அந்த வேலையில் சேர்ந்த அன்று அம்மா என் நியமன ஆணையை வாங்கித் தலைகீழாகப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது? இருந்ததே அந்த வேலை ஒன்றுதான். மேடம் கேட்டதும் அதைத்தான்.

அவர் முட்டாளாக இருந்திருந்தால் வெறுப்பது எளிதாக இருந்திருக்கும். என் மூன்றாம் அத்தியாயத்தின் பெரிய அட்டவணையை ஒருமுறை நின்றவாக்கில் இரண்டே நிமிடம் பார்த்தார். உழுவது, விதைப்பது, களை எடுப்பது, அறுப்பது என்று பெண்களின் உழைப்பு நேரத்தை எல்லாம் அதில் போட்டிருந்தேன். எட்டு மாதம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது.

“சாமைய யாரு குத்தறது?” என்றார்.

“பொம்பளைங்கதான் மேடம்.”

“இதுல எங்க இருக்குது அது? சாமைய அப்டியே உமியோட வாயில போட்டுக்குவாங்களா மலையில? அறுப்போட வேல முடிஞ்சிதுன்னு எவன் சொன்னான் உனக்கு? ஆம்பள எழுதன புஸ்தகத்தப் பாத்து கட்டம் போட்டிருக்கிற.”

அவர் சொன்னது சரி. உரலில் போட்டுக் குத்துவது, புடைப்பது, கல் பொறுக்குவது எதுவும் என் அட்டவணையில் இல்லை. நான் மலையிலேயே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டில் தினமும் உலக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதை எழுதாமல் விட்டிருந்தேன். மலைப் பெண்ணின் கணக்கில் வராத இரண்டு மணி நேரம் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது. எதிரில் நின்றவள் முந்தின நாள் ஐந்து பாடம் நடத்திவிட்டு, விடைத்தாள் திருத்திவிட்டு, விடிவதற்குள் எழுந்து பஸ் பிடித்து வந்தவள் என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்தும் அதை உழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அந்த நாளுக்கு வருகிறேன். பதிவுக் காலம் முடிய ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்களும் ஐந்து மாதமாக அவர் அலமாரியில் இருந்தன. அவற்றை அவர் படித்துத் திருத்தினால்தான் ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியும். அன்று எனக்கு அந்த வருடத்தின் கடைசித் தற்செயல் விடுப்பு. மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு ஜீப்பில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது புடவை முழங்கால் வரை சேறு. மேடம் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

“வந்துட்டாங்க சம்பளக்காரங்க. அத்தியாயமா? படிக்கல. நீ பாதி மனசு வெச்சி எழுதறத நான் முழு மனசு வெச்சி படிக்கணுமா? நீ இன்னாத்த வுட்ட, சொல்லு?”

“வேலைய விட்டுட்டேன் மேடம்.”

யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் வந்தது. சொன்ன பிறகு, அடுத்த நொடியே “சும்மா சொன்னேன்” என்று சிரித்திருக்கலாம். ஆனால் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என்னையே பார்த்தார். பிறகு நாலு வருடத்தில் முதல் முறையாக என் பெயரைச் சொன்னார்.

“உக்காரு.”

நான் உட்கார்ந்தேன். எனக்கு டீ வந்தது.

ராஜினாமாக் கடிதம் எங்கே, பணி விடுவிப்பு எங்கே என்று அவர் எதுவும் கேட்கவில்லை. வேலையை விட்டாலும் பகுதி நேரமாகச் சேர்ந்தவள் அப்படியே முடிக்கலாம், அதற்குத் தடை இல்லை என்று அவரே சொன்னார். நான் எதையோ இழந்துவிட்டேன் என்ற செய்தி மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது இதை ஒரு வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

“இன்னாடி சொன்ன? வேலய வுட்டுட்டன்னு வாயால சொன்னியா?”

“சும்மாம்மா. பொய்தான்.”

“பொய்யுக்குக்கூட சொல்லுவாளாடி அத? வயித்துப் பொழப்ப வெச்சிக்கினு வெளையாடுவாளா ஒருத்தி? போன சீசன் நம்ம குடிச பத்திக்கிச்சே, அப்பகூட நான் வாயால சொல்லலியே எல்லாம் போச்சின்னு!”

உப்பையும் மிளகாயையும் கையில் அள்ளி என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மூன்று முறை துப்பச் சொன்னாள். துப்பினேன். மேடமும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வந்திருக்காது.

அதற்கப்புறம் ஆறு மாதம் மேடம் என்னை நன்றாக நடத்தினார். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொன்னார். மற்ற நாட்களில் மலையில் தகவல் சேகரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்த வீட்டில் சமையலறையைத் தவிர எல்லா இடத்திலும் புத்தகம். எலுமிச்சைச் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். குத்துவதும் புடைப்பதும் சேர்ந்த பிறகு என் மூன்றாம் அத்தியாயம் வேறொன்றாக மாறியிருந்தது. அதை அவர்தான் மாற்றினார். எனக்கு அது பிடித்தது. அவர் என் பெயரைச் சொல்வதும் பிடித்தது. எழுதும்போது எனக்கே என்மேல் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு சனிக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன் கதையைச் சொன்னார். அவர் வேலைக்குப் போய்க்கொண்டேதான் ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்திருக்கிறார். அப்போது பையனுக்கு ஆறு மாதம். அவருடைய நெறியாளர், “வேலை, குழந்தை, ஆராய்ச்சி மூணுல ஒண்ண விடுங்க, இல்லன்னா என்னை விடுங்க” என்றாராம். மேடம் குழந்தையைத் திருநாவலூரில் அம்மா வீட்டில் விட்டார். ஐந்து வருடம். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தார்.

“ஒரு வாட்டி போறன், கோயிலு வாசல்ல வெளையாடிக்கினு இருக்கறான். என்னப் பாத்துட்டு உள்ள ஓடறான், ‘அம்மா, அந்த அக்கா வந்திருக்குது’ன்னு. அவன் அம்மான்னு கூப்டது எங்க அம்மாவ. நான் அழல தெரியுமா? அடுத்த பஸ்ஸப் புடிச்சி வந்து அன்னிக்கி பதிமூணு பக்கம் எழுதனன்.”

பதிமூன்று பக்கம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமை. அப்போது அவர் கைபேசி அடித்தது. சென்னையிலிருந்து அந்த மகன்தான். “படிச்சிக்கினு இருக்கன், அப்பால பேசு” என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீயும் ஒண்ண வுட்டுட்டு வந்தவ. அதான் உன் கையில சொன்னன். யாரு கையிலயும் சொன்னதில்ல.”

தட்டில் மீதியிருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தில் இன்னும் நாலு பக்கம் திருத்த வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

அடுத்த மாதம் மேடத்தின் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எங்கள் பள்ளியில் ஏழு நாள் முகாம் போட்டார்கள். நிறைவு விழாவுக்குக் கல்லூரி முதல்வர் வருவதாக அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. எனக்குப் பயம் இல்லை. முதல்வருக்கு என் முகம் தெரியாது. காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அவசரமாக வந்தார்.

“டீச்சர், பிரின்சிபாலுக்கு ஒடம்பு சரியில்லையாம். யாரோ ஒரு மேடத்த அனுப்பிச்சிருக்காங்க. பொன்னாட நீங்கதான் போத்தணும்.”

பெண் விருந்தினர் வந்தால் பொன்னாடையைப் பெண் ஒருவர்தான் போர்த்த வேண்டும். எங்கள் மேடைகளில் அது எழுதாத சட்டம். பள்ளியில் என்னைத் தவிர இருந்த ஒரே ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருந்தார். தட்டில் பொன்னாடையை வைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். எந்த மேடம் என்று நான் கேட்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

முதலில் கஞ்சி போட்ட சேலையின் கரைதான் தெரிந்தது. இறங்கி நிமிர்ந்து, தட்டோடு நிற்கிற என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷன். எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார்: “இவங்க எங்க எகனாமிக்ஸ் டீச்சர் மேடம். உங்க காலேஜ்லதான் பி.எச்டி பண்றாங்க. வேலையும் பாத்துக்கினு படிக்கவும் படிக்கிறாங்க. அனாவசியமா ஒரு நாள் லீவு போட மாட்டாங்க.”

“அப்டியா?” என்றார் மேடம்.

மேடையில் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். நான் போர்த்தினேன். என் கை பட்ட இடத்தில் அவர் தோள் இறுகிக் கிடந்தது. நானூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் எனக்காக இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேடம் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஒரு சொல் தடுமாறவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

“மேடம்…”

“நீ என்ன ஏமாத்தனது பெருசில்ல. எத்தனையோ பேரு ஏமாத்தறாங்க. எம் புள்ள கதைய உன் கையில சொன்னனே, அதக் கேட்டுக்கினு சோறு துன்னியே.”

ஜீப் போய்விட்டது. அந்தச் சொல் எனக்கு உறைத்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கிப் போனேன். அதற்கு முன்னால் அம்மா கைபேசியில் சொன்னாள்: “கால்ல வுழுந்துடு பாப்பா. உன்னப் படிக்க வெக்க நான் மேஸ்திரி கால்ல வுழுந்து முன்பணம் வாங்கலியா? வுழுந்தா இன்னா தேஞ்சா பூடுவ?” நான் விழவில்லை. அம்மா விழுந்தது நான் விழாமல் இருப்பதற்குத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேடம் அறையில் அன்று அவரும் நானும் மட்டும். நாற்காலி இருந்தது, நான் நின்றேன்.

“பொய் சொன்னது தப்பு மேடம். அதுக்கு மன்னிப்பு கேக்கிறேன்.”

“வேல பாக்கறதுக்கு?”

“அதுக்குக் கேக்க மாட்டேன்.”

கண்ணாடி போட்டுக்கொண்டார். என் ஆய்வுச் சுருக்கம் மேசைமேல் இருந்தது. அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. “முடிஞ்சிட்டுது இது. நல்லாத்தான் வந்திருக்குது. வேலைய நெஜமா வுட்டுட்டு அந்தக் காய்தத்த எடுத்துக்கினு வா. அன்னிக்கி போடறன்.”

“அப்படி ஒரு விதி இல்லை மேடம்.”

“என் கையெழுத்துக்கு நான் வெச்சதுதான் விதி.”

“அதை எழுதிக் கொடுங்க மேடம்.”

“எழுதிலாம் தர மாட்டன். வெளிய போ.”

அவர் பட்ட பாட்டை நினைத்து அவருக்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஐந்து வருடத்தை அவரிடமிருந்து பிடுங்கியவர் ஒரு நெறியாளர். மேடம் அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. “அந்தக் காலத்து மனுசரு, வைரம்” என்பார். அந்த வைரத்தை அவர் எங்கள் கழுத்துக்கெல்லாம் கொண்டுவந்தார். மொட்டைத் தலையோடு நின்ற பையன் முடித்துவிட்டு இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறான். தன் மாணவர்களிடம் அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒருநாள் யாராவது வந்து நின்றால் நான் என்ன கேட்பேன் என்பது தெரியும். “எத்தனை மணிக்கு பஸ் ஏறினாய், சாப்பிட்டாயா” என்று கேட்பேன்.

பதிவுக் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நெறியாளரை மாற்றித் தரும்படி மனு. என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து வேறு ஊர்ப் பேராசிரியர் ஒருவர் தந்த கடிதத்தையும் இணைத்திருந்தேன். ஆய்வுப் பிரிவில் இருந்த எழுத்தர் புரட்டிப் பார்த்தார்.

“பழைய கைடு கையெழுத்து எங்கம்மா?”

“இல்லை சார். ஏன் இல்லைன்னு ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கேன்.”

படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “இன்னாம்மா இது, வேலய வுட்டுட்டதா பொய் சொன்னன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கிற? யாரு கேட்டா இத? இந்தப் பக்கத்த உருவிடு. இதயே வெச்சி உன்னத் திருப்பி அடிப்பாங்க.”

“அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இருக்கட்டும் சார்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்று பக்கத்திலும் பெறப்பட்டது என்று முத்திரை குத்தி, ஒரு நகலை என்னிடம் தந்தார். மனுவின் கடைசி வரியை மட்டும் இங்கே எழுதுகிறேன்: விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருகிறேன், பள்ளியில் எனக்குப் பதிலாக வகுப்பு எடுக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால், இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும்.